ஜனவரி மைலேஜை அக்டோபரோட ஒப்பிடாதீங்க

சென்னை, கோவை, மதுரையில இருந்து வேலை கிடைச்சு குருகிராம், நொய்டா பக்கம் போய், அங்கேயே முதல் காரையும் வாங்கினவங்களுக்காக இந்தப் பதிவு. டிசம்பர் பாதியில அங்க ஒரு கவலை ஆரம்பிக்கும்: "அக்டோபர்ல லிட்டருக்கு 15 குடுத்த வண்டி, இப்போ 13.5 தான் குடுக்குது. இன்ஜின்ல ஏதோ கோளாறா?"

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். குளிர்காலத்தில மைலேஜ் குறையறது பெரும்பாலும் கோளாறு இல்லை. அது ஒரு சீசன். அதைக் கோளாறுன்னு நம்பி பணத்தைச் செலவு பண்றதுதான் உண்மையான நஷ்டம்.

ஏன் குறையுது? குளிர்ல இன்ஜின் ஆயில் கெட்டியா இருக்கும். சூடேறாத இன்ஜினுக்குக் கூடுதலா பெட்ரோல் தேவை. ஆபீஸ் 5 கிலோமீட்டர்ல இருந்தா, இன்ஜின் முழுசா சூடாகறதுக்குள்ள நீங்க பார்க்கிங்ல நிப்பீங்க. பனியில கண்ணாடி மங்கினா ஏ.சி. போட்டுத் துடைக்கணும், அதுவும் பெட்ரோல்தான். ஹீட்டர் மட்டும் இன்ஜினோட வீணாகிற சூட்டையே பயன்படுத்துது, அதனால அதைப் பத்தி ரொம்பக் கவலைப்பட வேண்டாம்.

அமெரிக்க அரசோட எரிபொருள் சிக்கனத் தளம் ஒரு கணக்குத் தருது. 25 டிகிரியில ஓடறதோட ஒப்பிட்டா, மைனஸ் 7 டிகிரியில சாதாரண பெட்ரோல் காரோட நகர மைலேஜ் சுமார் 15% குறையும். 5, 6 கிலோமீட்டர் மாதிரி குட்டிப் பயணங்கள்ல 24% வரைக்கும் குறையலாம். ஹைபிரிட் கார்ல 30 முதல் 34%. டெல்லி மைனஸ் 7-க்குப் போறதில்லை. அதனால உங்க வண்டியில சரிவு இதைவிடக் குறைவாத்தான் இருக்கணும். 10% குறைஞ்சா பயப்பட ஒண்ணுமில்லை.

இப்போ ரூபாய்ல பார்ப்போம். மாசம் 600 கிலோமீட்டர் ஓட்டறீங்க, பெட்ரோல் லிட்டர் 95 ரூபாய்னு வெச்சுக்கோங்க. 15 மைலேஜ்ல 40 லிட்டர், 3,800 ரூபாய். 13.5 மைலேஜ்ல 44.4 லிட்டர், சுமார் 4,220 ரூபாய். வித்தியாசம் மாசத்துக்கு 420 ரூபாய். மூணு மாசக் குளிருக்கு 1,260. இதுக்குப் பயந்து "இன்ஜின் கிளீனிங்", "மைலேஜ் ஏத்தற திரவம்"னு 4,000 ரூபாய் குடுத்தா, நீங்க காப்பாத்த நினைச்ச தொகையைவிட மூணு மடங்கு செலவு. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. பிப்ரவரியில கிளீனிங் பண்ணுவீங்க, மார்ச்ல வெயில் வரும், மைலேஜ் தானா ஏறும். "பார்த்தீங்களா, வேலை செஞ்சுது!"ன்னு அடுத்த வருஷமும் போய் நிப்பீங்க.

ஜவுளிக்கடைக்காரர் யாராவது தீபாவளி மாச விற்பனையை அதுக்கு அடுத்த மாசத்தோட ஒப்பிட்டு "கடை படுத்துடுச்சு"ன்னு சொல்வாரா? போன தீபாவளியோடதான் ஒப்பிடுவார். ஆடிட்ல நாங்க பார்க்கறதும் அப்படித்தான். உங்க காருக்கும் இதே விதி: இந்த ஜனவரியை போன ஜனவரியோட ஒப்பிடுங்க.

அதுக்குக் கணக்கு இருக்கணுமே! "500 ரூபாய்க்குப் போடுங்க"ன்னு சொல்ற பழக்கம் இருந்தா மைலேஜ் கணக்கே போட முடியாது. டேங்கை நிரப்புங்க; நாசில் முதல் தடவை தானா நின்னதும் போதும்னு சொல்லிடுங்க. ஓடோமீட்டர் எண்ணையும், பில்லுல இருக்கிற லிட்டரையும் போன்ல குறிச்சு வைங்க. அடுத்த முறை முடிஞ்சா அதே பங்க்ல, அதே மாதிரி நிரப்புங்க. நடுவுல ஓடின கிலோமீட்டரை இரண்டாவது தடவை போட்ட லிட்டரால வகுத்தா மைலேஜ். ஒரு டேங்கை வெச்சு முடிவு பண்ணாதீங்க; மூணு டேங்க் சராசரி பாருங்க. டாஷ்போர்டு காட்டற எண் பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாவே இருக்கும், அதை நம்ப வேண்டாம்.

பக்கத்துல ஒரு வரி எழுதுங்க: குளிரா, பனியா, குட்டிப் பயணமா, நெடுஞ்சாலையா. ஆறு மாசம் கழிச்சு அந்த எண்ணுக்கு அர்த்தம் சொல்றது இந்த ஒரு வரிதான்.

செலவில்லாம சரி பண்ணக்கூடியது ரெண்டு இருக்கு. ஒண்ணு, டயர் காற்று. 30 டிகிரியில அடிச்ச காற்று 10 டிகிரி காலையில சுமார் 3 பி.எஸ்.ஐ. குறைஞ்சிருக்கும். மைலேஜ்ல இதோட பங்கு சின்னதுதான், ஆனா டயர் சீக்கிரம் தேயும். பங்க்ல காற்று இலவசம்.

ரெண்டாவது, காலையில 10 நிமிஷம் நிறுத்தி வெச்சே சூடேத்தறது. சின்ன கார் நின்ன இடத்துல ஓடினா மணிக்கு அரை லிட்டர்ல இருந்து ஒரு லிட்டர் வரைக்கும் போகும். 25 வேலை நாளுக்கு 2 முதல் 4 லிட்டர். அதாவது மேல நாம பார்த்த 4.4 லிட்டர்ல பெரும் பங்கு! இப்போதைய கார்களுக்கு அரை நிமிஷம் போதும். கண்ணாடி தெளிவானதும் கிளம்பி, முதல் சில நிமிஷம் மெதுவா ஓட்டுங்க, சீக்கிரமே சூடாகும். மூடின கராஜ்ல இன்ஜினை ஓட விடவே விடாதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, அது உயிரையே எடுத்துடும்.

எப்போ மெக்கானிக்கிட்ட போகணும்? இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிஞ்சா உடனே. ரொம்ப நேரம் ஓட்டியும் டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வரலைன்னா போங்க. தெர்மோஸ்டாட் திறந்தே மாட்டியிருக்கலாம். ஏப்ரல்ல வெயில் வந்தும் மைலேஜ் ஏறலைன்னாலும் போங்க. இதுதான் முதல் குளிர்காலம், ஒப்பிட போன ஜனவரி இல்லைன்னா, அந்த ஏப்ரல் வரைக்கும் பொறுங்க.

"மாசம் 420 ரூபாய்க்கு இவ்வளவு கணக்கா சார்?"னு கேட்கலாம். 420-க்காக இல்லீங்க. கையில கணக்கு இல்லாதவங்ககிட்டதான் பயத்தை விக்க முடியும். அடுத்த தடவை டேங்க் நிரப்பும்போது முதல் வரியை எழுதிடுங்க.