ஒலித்தடமும் ஒரு மூலபாடமே

சுவடியிலிருந்து நூலைப் பதிப்பிக்கும் அறிஞர், தாம் ஏற்காத பாடத்தையும் அடிக்குறிப்பில் தருவார். உ.வே.சாமிநாதையர் பதிப்புகளின் மதிப்பில் பெரும்பங்கு இந்த நேர்மைக்கு உரியது. பழந்திரைப்படங்களை டிவிடியாகவும் ப்ளூ-ரேயாகவும் வெளியிடுவோரிடம் இவ்வொழுக்கம் அரிதாகவே காணப்படுகிறது. காட்சியின் கீறல்களை நீக்கியதை உறையில் பெருமையுடன் அச்சிடுவோர், ஒலியில் எதை நீக்கினர், எதைச் சேர்த்தனர் என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

பழைய படங்களில் மிகப் பல மோனோ ஒலியில் வந்தவை. உரையாடல், இசை, ஓசைகள் மூன்றும் ஒரே தடத்தில் கலந்திருக்கும். அவற்றின் தனித்தனிப் பதிவுகள் பல படங்களுக்கு இன்று எஞ்சவில்லை. அத்தகைய படத்தை 5.1 ஒலிக்கு மாற்ற வேண்டுமாயின், கலந்ததை ஊகத்தால் பிரிக்க வேண்டும். அல்லது ஓசைகளைப் புதிதாகப் பதிந்து சேர்க்க வேண்டும். பிழைகள் நுழைவது இவ்வழியேதான். ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' (1958) 1996இல் புதுப்பிக்கப்பட்டபோது, காலடியோசை போன்றவை புதிதாக உருவாக்கப்பட்டன; அவை பழைய குரல்களோடு ஒட்டவில்லை என்ற கண்டனம் எழுந்தது. 'ஜாஸ்' (1975) சிறந்த ஒலிக்கான ஆஸ்கர் விருது பெற்ற படம். 2000ஆம் ஆண்டின் டிவிடியிலோ விருது பெற்ற அந்த மோனோ கலவையே இல்லை.

'தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி' (1966) படத்தின் ஆங்கில வடிவில் விடுபட்டிருந்த காட்சிகளுக்கு, 2003இல் கிளின்ட் ஈஸ்ட்வுட்டும் ஈலை வாலக்கும் மீண்டும் குரல் கொடுத்தனர். லீ வான் கிளீஃப் 1989இலேயே மறைந்துவிட்டமையால் அவருக்காக வேறொருவர் பேசினார். முப்பதுகளில் இருக்கும் ஈஸ்ட்வுட்டின் உருவத்திலிருந்து எழுபதைக் கடந்த குரல் எழுகிறது.

மொழியியலார் மேலும் அஞ்ச வேண்டியது செவிக்கு எளிதில் புலப்படாத பிழையை. நொடிக்கு 24 சட்டகங்களாக எடுக்கப்பட்ட படம், பால் முறை வட்டுகளில் 25 சட்டகங்களாக ஓடும். சுருதி சரிசெய்யப்படாவிடில் 120 ஹெர்ட்ஸ் குரல் 125 ஹெர்ட்ஸ் ஆகும். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடியும். பேச்சின் வேகமும் சுருதியும் உயிரொலிகளின் அதிர்வமைப்பும் ஏறத்தாழ 4 விழுக்காடு மாறிவிடும். அவ்வட்டைக் கொண்டு ஒரு நடிகரின் உச்சரிப்பை ஆராயும் மாணவர், பேசியவரின் இயல்போடு வட்டின் பிழையையும் சேர்த்தே அளக்கிறார்.

படைப்பாளரே திருத்தத்துக்கு உடன்பட்டால் என்ன குறை என்று கேட்கலாம். 'முகல்-ஏ-ஆசம்' (1960) 2004இல் வண்ணமூட்டப்பட்டபோது, இசையமைப்பாளர் நௌஷாத்தின் துணையோடு வாத்திய இசை மீண்டும் பதிவு செய்யப்பட்டது. பாடகர்களின் குரல்கள் மட்டும் பழையவையாகவே இருந்தன. அதற்கு அவருக்கு உரிமை உண்டு. எனினும் 1960இல் மக்கள் கேட்டது எது என்பது வரலாற்றுச் செய்தி. பிற்கால ஒப்புதல் அதனை மாற்றாது. புதிய கலவை வரட்டும். பழைய தடமும் அதே வட்டில் உடனிருக்கட்டும்.

ஆய்வுலகுக்கும் இதில் கடமை உண்டு. திரைப்படத்தை மேற்கோளாகக் காட்டும் ஆய்வேடுகள் பெயரையும் ஆண்டையும் தந்து நின்றுவிடுகின்றன. எந்தப் பதிப்பு, எந்த ஒலித்தடம் என்பதையும் அவை குறிக்க வேண்டும். நெறியாளர்களும் தேர்வாளர்களும் அதனைக் கேட்கத் தொடங்கினால், மூல ஒலி இல்லாத வட்டுகள் ஆய்வுக்குப் போதா என்பது வெளியிடுவோருக்கும் தெரியவரும்.