ரவைக்குக் கணக்கு உண்டு, கப்பலுக்கு இல்லையா?

கெங்குவார்பட்டியில் மலையை ஒட்டி மாந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர், பன்றியையும் காட்டுமாட்டையும் விரட்டுவதற்காக ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றுக்கு உரிமம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மனு தேனி ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும், அங்கிருந்து காவல்துறைக்கு வரும். தேவதானப்பட்டி காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்து விசாரிப்பார்: வழக்கு ஏதும் நிலுவையில் உண்டா, பங்காளித் தகராறு உண்டா, துப்பாக்கியை வீட்டில் எங்கே பூட்டிவைப்பீர்கள்? பட்டாவையும் அடங்கலையும் காட்ட வேண்டும். எல்லாம் கூடிவந்து உரிமம் கிடைத்தால் அதற்கு ஒரு தனி அடையாள எண் உண்டு. நாடு முழுமைக்குமான பதிவேட்டில் அவர் பெயர் ஏறிவிடும். ஒரே நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம் என்பதெல்லாம் உரிமத்திலேயே எழுதியிருக்கும். தேர்தல் தேதி அறிவித்துவிட்டால், துப்பாக்கியைக் கொண்டுபோய் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

இந்தக் கெடுபிடியில் நமக்கு ஆட்சேபம் இல்லை. துப்பாக்கி மலிந்த ஊர் எப்படி இருக்கும் என்பதை வடக்கே சில மாவட்டங்கள் காட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் விதிகளும் தனிமனிதர் கையில் இருக்கும் ஆயுதத்தை இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பது சரியே. 2019இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். அதையும் வரவேற்கலாம்.

நம் கேள்வி வேறு. அரசே ஆயுதம் விற்கும்போது, அல்லது விற்க அனுமதிக்கும்போது, இந்தக் கணக்கெல்லாம் எங்கே போகிறது?

2024 மே மாதம் ஸ்பெயின் வெளியுறவு அமைச்சர் ஹோசே மனுவேல் அல்பாரெஸ் ஓர் அறிவிப்பு செய்தார். இஸ்ரேலுக்கு ஆயுதச் சரக்கு ஏற்றிப்போகும் கப்பல் ஒன்று தங்கள் துறைமுகத்தில் நிற்க அனுமதி கேட்டது, மறுத்துவிட்டோம் என்றார். மரியான் டானிகா என்ற அந்தக் கப்பல் ஏறத்தாழ 27 டன் வெடிபொருளுடன் ஹைஃபாவுக்குப் போய்க்கொண்டிருந்தது என்றும், அது புறப்பட்ட இடம் சென்னை என்றும் அந்நாட்டு நாளேடு எல் பாய்ஸ் எழுதியது. காசாவில் பிணங்களை எண்ணி முடியாத நாட்கள் அவை. சென்னையிலிருந்து என்ன ஏற்றுமதியாகிறது என்பதை சென்னைவாசி மாட்ரிட் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இதே கடற்கரையில் இன்னொரு கப்பலுக்கு என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2013 அக்டோபரில் தூத்துக்குடி அருகே சீமேன் கார்டு ஓஹியோ என்ற கப்பலைக் கடலோரக் காவல்படை பிடித்தது. கடற்கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்கும் தனியார் காவலர்கள் அதில் இருந்தார்கள். 35 துப்பாக்கிகள், 5,600க்கும் மேற்பட்ட தோட்டாக்கள் என எல்லாம் எண்ணிப் பட்டியலிடப்பட்டன. கப்பலில் இருந்த 35 பேருக்கும் 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் ஐந்தாண்டு சிறை விதித்தது. 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அனைவரையும் விடுவித்தது. தீர்ப்பு எதுவானாலும், கரைக்கு வந்த ஒவ்வொரு தோட்டாவும் திறந்த நீதிமன்றத்தில் பேசப்பட்டது. கரையை விட்டுப் போகும் டன் கணக்கான வெடிபொருளுக்கு அந்த யோகம் இல்லை.

ஆயுத ஏற்றுமதிக்கு விதியே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1992ஆம் ஆண்டின் அந்நிய வர்த்தகச் சட்டத்தின் கீழ் ‘ஸ்கோமெட்’ என்ற கட்டுப்பாட்டுப் பட்டியல் இருக்கிறது. அதன் ஆறாம் பிரிவு போர்த் தளவாடங்களுக்கானது. 2017இல்தான் முழுதாக நிரப்பப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் இந்தியா, ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கான வாசெனார் ஏற்பாட்டில் 42ஆவது உறுப்பினராகச் சேர்ந்தது. வாங்குபவர் இறுதிப் பயன்பாட்டுச் சான்று தர வேண்டும், வெளியுறவு அமைச்சகத்தின் கருத்தும் கேட்கப்படும். தேசப் பாதுகாப்பு, வெளியுறவுக் கொள்கை, சரக்கு பயங்கரவாதிகள் கைக்குப் போகும் ஆபத்து என்று பரிசீலனை அளவுகோல்களும் உண்டு. வாங்கும் அரசு அதைத் தன் குடிமக்கள் மேலேயே திருப்புமா, பள்ளிக்கூடத்தின் மேல் போடுமா என்ற கேள்வி மட்டும் அந்த அளவுகோல்களில் நேரடியாக இல்லை.

அதைவிடப் பெரிய ஓட்டை, உரிமம் கொடுக்கும் கை யாருடையது என்பதில் இருக்கிறது. ஆறாம் பிரிவுப் பொருட்களுக்கு அனுமதி தருவது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ள பாதுகாப்பு உற்பத்தித் துறை. அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையும் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் 2021 அக்டோபரில் நிறுவனங்களாக மாற்றப்பட்டனவே, அந்த நிறுவனங்களின் நிர்வாக அமைச்சகத் துறையும் இதுதான். ஏற்றுமதியை 2029க்குள் ஆண்டுக்கு 50,000 கோடி ரூபாய்க்குக் கொண்டுபோக வேண்டும் என்ற இலக்கைத் தலையில் சுமப்பதும் இதே துறை. மதுரையில் துப்பாக்கிக் கடை வைத்திருப்பவரையே உரிமமும் எழுதிக் கொடுக்கச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது இந்த ஏற்பாடு. அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் கெங்குவார்பட்டி மனுவை அவரிடம் விட எந்த ஆட்சியரும் சம்மதிக்க மாட்டார்.

இலக்கு வெற்றுப் பேச்சும் இல்லை. 2013-14இல் 686 கோடி ரூபாயாக இருந்த பாதுகாப்பு ஏற்றுமதி, 2024-25இல் 23,622 கோடியைத் தொட்டது. அந்த ஓராண்டில் மட்டும் 1,762 அனுமதிகள். சரக்கு போனது சுமார் 80 நாடுகளுக்கு. இந்த எண்களை அரசு பெருமையோடு வெளியிடுகிறது. பிலிப்பைன்ஸுக்கு பிரம்மோஸ் ஏவுகணை போனபோது படத்தோடு செய்தி வந்தது. எந்த நாட்டுக்கு எவ்வளவு, என்ன வகை என்று நாடாளுமன்றத்தில் யாராவது கேட்டால் மட்டும், கேந்திர முக்கியத்துவம் கருதிச் சொல்ல இயலாது என்ற பதில் வரும். விற்றதில் பெருமை இருக்குமானால், விற்ற இடத்தைச் சொல்வதில் என்ன கூச்சம்?

சொல்லாமல் விட்டதால் எதுவும் மறைந்துவிடவும் இல்லை. தாமதமாக, வேறு வாய் வழியாக வந்து சேர்கிறது, அவ்வளவுதான். மியான்மரில் 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு இந்திய நிறுவனங்கள் அங்கே அனுப்பிய ஆயுதங்கள், தொடர்புடைய பொருட்களின் மதிப்பு 5.1 கோடி டாலர் என்று 2023 மே மாதம் சொன்னவர் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ். அவர் குறிப்பிட்ட நிறுவனங்களில் பொதுத்துறையான பாரத் எலக்ட்ரானிக்ஸும் உண்டு. வாங்கும் பக்கத்தில் இருந்தபோதும் இதே கதைதான். போஃபர்ஸ் பீரங்கிக்குத் தரகு போனதை 1987 ஏப்ரலில் நமக்குச் சொன்னது ஸ்வீடன் வானொலி.

தமிழ் வாசகருக்கு இதில் இன்னொரு பழைய கணக்கும் இருக்கிறது. 2007 மே இறுதியில் அன்றைய தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் எம்.கே. நாராயணன் சென்னையில் முதல்வர் கருணாநிதியைச் சந்தித்துவிட்டு வெளியே வந்து, இலங்கை ஆயுதத்துக்காகச் சீனாவிடமோ பாகிஸ்தானிடமோ போக வேண்டாம், தேவையை எங்களிடம் சொல்லட்டும் என்ற பொருளில் பேசினார். தருவது தற்காப்புக்கு மட்டுமே என்றும் விளக்கம் வந்தது. 2008 செப்டம்பர் 9 அன்று வவுனியா படைத்தளத்தைப் புலிகள் தாக்கியதில் இந்திய ரேடார் நிபுணர்கள் இருவர் காயமடைந்தார்கள். இந்தியர்கள் அந்தத் தளத்தில் இருந்தார்கள் என்பதே அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. தமிழ்நாடு கொதித்தது, கடையடைப்பு, மனிதச் சங்கிலி, ராஜினாமா மிரட்டல் எல்லாம் அந்த ஆண்டுதான். என்ன கொடுத்தார்கள், எந்த நிபந்தனையில் கொடுத்தார்கள் என்று கேட்கச் சட்டப்படி ஒரு மேடை இருந்திருந்தால், அந்தக் கொதிப்பு தெருவிலேயே ஆறிப்போயிருக்காது. பிரிட்டனில் அப்படி ஒரு மேடை இருந்தது. இலங்கைக்கு விற்ற ஆயுதங்களைப் பற்றி 2009இல் அந்த நாட்டு நாடாளுமன்றக் குழு தன் அரசையே கேள்வி கேட்டது. போர் முடிந்த பிறகுதான் என்றாலும், கேட்டது.

நீதிமன்றம் போகலாமே என்பார்கள். போய்ப் பார்த்தாயிற்று. இஸ்ரேலுக்கு ஆயுத ஏற்றுமதியை நிறுத்தக் கோரி முன்னாள் அதிகாரிகளும் கல்வியாளர்களும் சமூகச் செயற்பாட்டாளர்களுமாக 11 பேர் போட்ட மனுவை 2024 செப்டம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வெளியுறவுக் கொள்கை அரசின் களம், ஒப்பந்தத்தை மீறினால் நிறுவனங்கள் வழக்கைச் சந்திக்க நேரும் என்றது அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு. அதற்கு ஏழு மாதம் முன்பு ஹேக் நகர மேல்முறையீட்டு நீதிமன்றம், எஃப்-35 போர்விமான உதிரிபாகங்களை இஸ்ரேலுக்கு அனுப்புவதை ஏழு நாளில் நிறுத்தச் சொல்லித் தன் நாட்டு அரசுக்கு உத்தரவிட்டது. இரு நாட்டு நீதிபதிகளின் துணிச்சலை ஒப்பிட இதைச் சொல்லவில்லை. அங்கே உரசிப் பார்க்க எழுதிவைத்த அளவுகோல் ஒன்று இருந்தது. நம் நீதிபதிகள் கையில் அப்படி எதையும் நாடாளுமன்றம் கொடுத்திருக்கவில்லை.

ஐ.நா. பொதுச்சபை 2013 ஏப்ரல் 2 அன்று நிறைவேற்றிய ஆயுத வணிக ஒப்பந்தத்தில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. ஒப்பந்தம் விற்கும் நாடுகள் பக்கம் சாய்ந்திருக்கிறது, பயங்கரவாதக் குழுக்களுக்கு ஆயுதம் போவதைத் தடுப்பதில் வலுவில்லை என்று அன்று சொன்ன காரணங்களில் நியாயம் இருந்தது. ஆனால் அன்று நாம் பேசியது உலகின் மிகப் பெரிய வாடிக்கையாளர்களில் ஒருவராக. இன்று கடையும் திறந்துவிட்டோம். வெளிநாட்டார் எழுதிய ஒப்பந்தம் வேண்டாம் என்றால், நம் சட்டத்தை நாமே எழுதிக்கொள்வதை யார் தடுக்கிறார்கள்?

வேலைவாய்ப்பு போய்விடும் என்ற வாதத்தை இந்த ஏடு லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2019இல் தொடங்கிய பாதுகாப்புத் தொழில் வழித்தடம் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என்று போகிறது. கோவையில் லேத் பட்டறை வைத்திருப்பவர்களும் திருச்சியில் ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்துபவர்களும் இதை நம்பி வங்கிக் கடன் வாங்குகிறார்கள். தெளிவான சட்டம் முதலில் காப்பது அவர்களைத்தான். எந்த நாட்டுக்கு விற்கலாம், எதற்குக் கூடாது என்பது முன்கூட்டியே தெரிந்தால், பாதி வேலையில் ஒரு துறைமுகம் கதவை மூடுவதும் கொள்முதல்காரர் கையை விரிப்பதும் குறையும். நாம் விற்காவிட்டால் வேறொருவன் விற்பான் என்ற பேச்சுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. கஞ்சா வழக்கில் சிக்குபவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்.

ஆகவே ஆயுத ஏற்றுமதிக்கென்று தனிச் சட்டம் வேண்டும். அனுமதி தரும் அதிகாரத்தைப் பாதுகாப்பு உற்பத்தித் துறையிடமிருந்து பிரித்து, விற்பனை இலக்கு எதுவும் இல்லாத ஓர் அமைப்பிடம் கொடுக்க வேண்டும். குடிமக்கள் மீது பயன்படுத்தப்படும் என்று நம்ப இடமிருந்தால் அனுமதி இல்லை என்பதைச் சட்டமே சொல்ல வேண்டும். போய்ச் சேர்ந்த சரக்கு போன இடத்திலேயே இருக்கிறதா என்று பிறகு சரிபார்க்கவும் ஆள் வேண்டும். சான்றிதழ் தாளோடு அது நின்றுவிடக் கூடாது. நாடு, வகை, மதிப்பு மூன்றையும் சொல்லும் அறிக்கை ஆண்டுதோறும் அவையில் வைக்கப்பட வேண்டும். ஏவுகணையின் தொழில்நுட்பத்தை யாரும் கேட்கவில்லை. பெரிய ஒப்பந்தங்களை அமெரிக்க அரசு 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி முன்கூட்டியே நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்கிறது. ஸ்வீடனில் கட்சிப் பிரதிநிதிகள் அடங்கிய குழுவைக் கலந்துகொள்கிறார்கள். இரண்டுமே ஆயுதம் விற்றுக் கொழிக்கும் நாடுகள்தான். கணக்குச் சொன்னதால் அவற்றின் கடை மூடிவிடவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குப் போயிருப்பவர்கள் 39 பேர். காசாவுக்காகவும் ஈழத்துக்காகவும் மேடைகளில் பேசுபவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். கூட்டத்தொடர் நடக்கும்போது வெள்ளிக்கிழமை பிற்பகல் தனிநபர் மசோதாக்களுக்கான நேரம். அவை பெரும்பாலும் நிறைவேறுவதில்லை என்பது தெரிந்ததுதான். ஆனால் மசோதா வந்து விவாதம் நடந்தால் அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், அது அவைக் குறிப்பில் ஏறும். தேனி உறுப்பினர் உட்பட யாராவது ஒருவர் அடுத்த கூட்டத்தொடருக்கு முன் அறிவிப்புக் கொடுக்கட்டும். சென்னைத் துறைமுகத்திலிருந்து 2024 ஏப்ரல், மே மாதங்களில் வெளியேறிய வெடிபொருளுக்கு அனுமதி எண் என்ன, கையெழுத்திட்டது எந்த அதிகாரி என்ற கேள்வியையும் அதோடு சேர்த்தே கேட்கலாம்.