வேலூரில் பிறந்த குரல்

எங்களில் பலர் ஒன்பதாம் வகுப்பு வரை பாட்டு வகுப்புக்குச் சென்றவர்கள். பத்தாம் வகுப்பில் காலடி வைத்ததும் ஆர்மோனியப் பெட்டி பரண் ஏறிவிட்டது. "முதலில் மார்க், பாட்டெல்லாம் பிறகு" என்பது வீட்டில் போட்ட சட்டம். அந்தச் சட்டத்தைப் பற்றியே பெற்றோரிடம் பணிவோடு சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். எங்கள் பக்கம் பேசுவதற்குத் துணையாகப் பாடகி வாணி ஜெயராம் அவர்களின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறோம்.

அவர் நமக்கு அயலார் அல்லர். 1945 நவம்பர் 30 அன்று வேலூரில் பிறந்தவர், இயற்பெயர் கலைவாணி. அந்நாளில் வேலூரும் நம் திருவண்ணாமலையும் ஒரே வட ஆர்க்காடு மாவட்டம், 1989இல்தான் பிரிந்தோம். எட்டு வயதிலேயே சென்னை வானொலியில் பாடிய சிறுமி அவர். வீட்டில் கற்றது கர்நாடக சங்கீதம். ஆனால் காதோ இலங்கை வானொலியின் இந்திப் பாட்டுகளையும் விட்டுவைக்கவில்லை.

இனிப் பெற்றோர் சற்றுக் கவனிக்க வேண்டும். அவர் ராணி மேரி கல்லூரியில் படித்தார்; ஸ்டேட் வங்கியில் வேலை பார்த்தார். பாட்டினால் படிப்பு கெட்டுவிடவில்லை! மணமாகிப் பம்பாய் சென்றபின், கணவர் ஜெயராம் அவர்களின் தூண்டுதலால் உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் இந்துஸ்தானி இசை பயின்றார். சாதகம் நாள் முழுதும் நீளவே, வங்கி வேலையை விட்டார். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுப் பாட்டா என்று எங்கள் தெருவிலாக இருந்தால் நிச்சயம் கேட்டிருப்பார்கள்.

1971இல் வசந்த் தேசாய் இசையில் 'குட்டி' என்ற இந்திப் படம் வந்தது. கதாநாயகி எங்களைப் போல ஒரு பள்ளி மாணவி. அதில் வாணி ஜெயராம் பாடிய காலைப் பிரார்த்தனைப் பாடலை வடநாட்டுப் பள்ளிகள் பல தங்கள் வழிபாட்டுப் பாடலாகவே ஏற்றுக்கொண்டன. காலை வழிபாட்டில் வாயை மட்டும் அசைத்து நிற்கும் எங்கள் தோழியர் சிலர் (பெயர் சொல்ல மாட்டோம்) இதைப் படிப்பார்களாக.

"என்ன இருந்தாலும் சினிமாப் பாட்டுதானே?" என்று முகம் சுளிப்போர் உண்டு. எல்லாச் சினிமாப் பாட்டும் நல்லது என்று நாங்களும் சொல்லவில்லை. அப்பா வந்தால் நாங்களே நிறுத்திவிடும் பாட்டுகள் உண்டு. ஆனால் 1979இல் வந்த 'மீரா' படத்தில், பண்டிட் ரவிசங்கரின் இசையில், மீராவின் பக்திப் பாடல்களைப் பாடியவரும் இவரே. 'அபூர்வ ராகங்கள்', தெலுங்கில் 'சங்கராபரணம்', 'சுவாதி கிரணம்' ஆகிய படங்களுக்காக மூன்று முறை தேசிய விருது பெற்றார்.

பத்ம பூஷண் விருதோ 2023 ஜனவரியில்தான் அறிவிக்கப்பட்டது. அதைக் கையில் வாங்குமுன், பிப்ரவரி 4 அன்று சென்னையில் தம் இல்லத்தில் காலமானார். எழுபத்தேழு வயது வரை காக்க வைத்தது எங்களுக்கு மனத்தாங்கல்தான்.

எங்களில் எவரும் வாணி ஜெயராம் ஆகிவிடுவோம் என்று வாக்குக் கொடுக்கவில்லை. அவருக்கு ஊக்கம் தரும் கணவர் அமைந்தார். எல்லாருக்கும் அப்படி அமையுமா என்பதும் தெரியாது. ஆகவேதான் இப்போதே, பிறந்த வீட்டிலேயே கேட்கிறோம். மாலையில் அரைமணி நேரம் போதும். ஆர்மோனியத்தைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுங்கள். தூசியை நாங்களே துடைத்துக்கொள்கிறோம்.