வானத்துக்கும் ஒரு காவல்!



2016 பிப்ரவரி 6ம் தேதி, நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் பயங்கர சத்தம்! தரையில் பள்ளம் விழுந்தது. ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. பாவம், பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்து போனார். விழுந்தது விண்கல் என்று அரசு அறிவித்ததும், உலகமே அந்தச் சிற்றூரைத் திரும்பிப் பார்த்தது. ஆனால், படங்களைப் பார்த்த அமெரிக்காவின் நாசா விஞ்ஞானிகள், தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் தெரிகிறது என்றனர்.

அப்படியானால் விண்கல் பயமே வேண்டாமா? அப்படியும் சொல்ல முடியாது. 2013 பிப்ரவரி 15ம் தேதி, ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே சுமார் 20 மீட்டர் அகலமுள்ள விண்கல் வெடித்தது. உடைந்த கண்ணாடிகள் குத்தியே நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தனர். சூரியன் இருந்த திசையிலிருந்து வந்ததால், அதை முன்கூட்டியே யாரும் பார்க்கவில்லை! 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், சுமார் 10 கி.மீ. அகலமுள்ள கல் மோதியதில் டைனோசர் கூட்டமே அழிந்த கதை உங்களுக்குத் தெரியும்.

"அதனால்தான் நிலவிலும் செவ்வாயிலும் மனிதர்கள் குடியேற வேண்டும்' என்கிறார்கள் சிலர். ஸ்டீபன் ஹாக்கிங்கும் இதை வலியுறுத்தினார். விதை நெல் முழுவதையும் ஒரே குதிரில் போட்டு வைக்காத விவசாயியின் யோசனை இது. நல்ல யோசனைதான். ஆனால், செவ்வாயில் சுவாசிக்கக் காற்று இல்லை. குளிரோ கடும் குளிர். அங்கேயும் விண்கற்கள் விழத்தான் செய்கின்றன! கோடிக்கணக்கான மக்களை அங்கே கொண்டு போகவும் முடியாது. புது வீடு கட்டும் வரை, இருக்கும் வீட்டைக் காப்பாற்ற வேண்டாமா?

காப்பாற்ற முடியும் என்று 2022 செப்டம்பர் 26ம் தேதி தெரிந்தது. நாசாவின் "டார்ட்' விண்கலம், டைமார்பஸ் என்ற சிறு விண்பாறை மீது வேண்டுமென்றே மோதியது. அந்தப் பாறை தன் பெரிய தோழனைச் சுற்றிவரும் நேரம் அரை மணிக்கு மேல் குறைந்தது. அதாவது, விண்பாறையின் பாதையை நம்மால் மாற்ற முடியும். ஆனால், ஒரு நிபந்தனை: அது வருவதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்!

அந்தப் பார்க்கும் வேலையில் நமக்கும் பங்கு உண்டு. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்றதும் தோல் தொழிற்சாலைகளும் ஷூக்களும் பிரியாணியும் நினைவுக்கு வரும். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் வருவது காவலூர். பெயரிலேயே காவல்! அங்குள்ள வைணு பாப்பு வான் ஆய்வகத்தில், "கல்கி' என்ற திட்டத்தில் விண்பாறைகளைத் தேடினார்கள். 1988ல் விஞ்ஞானி ராஜமோகன் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். அதற்கு நம் கணித மேதை ராமானுஜன் பெயரே சூட்டப்பட்டது.

காவலூரைத் தேர்ந்தெடுக்கக் காரணம், அங்கிருந்த கும்மிருட்டு. மங்கலான விண்பாறை இருட்டில்தான் தெரியும். ஊர்கள் வளர வளர, விளக்கு வெளிச்சம் வானத்தில் பரவி அந்த இருட்டைக் கெடுக்கிறது. தெருவுக்கும் தொழிற்சாலைக்கும் விளக்கு வேண்டும்தான். ஆனால், வெளிச்சம் தரையில் விழட்டும், வானத்தில் எதற்கு?

ராக்கெட் விட உங்களால் இப்போது முடியாது. ஆனால், தேவையில்லாமல் எரியும் மொட்டை மாடி விளக்கை அணைக்க முடியும். வாசல் விளக்கைக் கீழ்நோக்கித் திருப்பி வைக்கும்படி அப்பாவிடம் சொல்ல முடியும். பிறகு அண்ணாந்து பாருங்கள். நாளைய காவல்காரர் உங்களில் ஒருவராகவும் இருக்கலாம்!

என்ன செல்லங்களே, இன்று இரவே தொடங்குவீர்களா?

அன்புடன்,
ஆசிரியர்