தடத்துக் கல்லை எடுப்பது யார் உரிமை?

பாதையில் கிடக்கும் கல்லையும் முள்ளையும் எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டு நடப்பது நற்செயல் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். பின்னால் வருபவரின் காலில் குத்திவிடக் கூடாதே என்னும் அந்த அக்கறை போற்றத்தக்கது. ஆனால் அதே கல் மலை மிதிவண்டித் தடம் ஒன்றில் இருக்குமாயின், அதை ஒருவர் தம் விருப்பப்படி பெயர்த்தெடுப்பது நற்செயலன்று. பலருடைய உழைப்பையும் அந்த மலையின் மண்ணையும் ஒருசேரக் கெடுக்கும் செயல் அது என்றே நாம் கருதுகிறோம்.

மலை மிதிவண்டி ஓட்டம் தோன்றிய விதத்தை முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில், 1976 அக்டோபர் 21 அன்று, இளைஞர் சிலர் பழைய கனத்த சைக்கிள்களை எடுத்துக்கொண்டு மலைமேல் ஏறி, கீழ்நோக்கிப் பந்தயம் விட்டனர். இரண்டு மைலுக்கும் குறைவான தொலைவில் ஏறத்தாழ 1,300 அடி இறக்கம். கீழே வந்து சேர்வதற்குள் பின்சக்கர பிரேக்கில் இருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். மீண்டும் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனாலேயே அந்தச் சரிவுக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. அடுத்த 20 ஆண்டுகளில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு இடம்பெற்றுவிட்டது. சாலையில் செல்பவருக்குக் கல்லும் குழியும் இடையூறு. இங்கோ கல், வேர், படி போன்ற இறக்கம் ஆகியவைதாம் ஆட்டமே. சிலம்பம் ஆடுபவர் எதிரே நிற்பவரின் கம்பை ஒடித்துப் போட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடங்குவதில்லை.

இந்தச் சிக்கலின் முழு வடிவத்தையும் காண, கனடாவின் வான்கூவர் நகருக்கு வடக்கேயுள்ள மலைகளைப் பார்க்க வேண்டும். சைப்ரஸ், ஃபிரோம், சீமோர் என்னும் அந்த மூன்று மலைகளின் காட்டுத் தடங்கள் உலகெங்கும் பெயர்பெற்றவை. அங்கே மழை மிகுதி. மலைச்சரிவுகளில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்யும். மேல்மண் கரைந்து ஓட, வேரும் பாறையும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். 1997 முதல் அங்கே இயங்கிவரும் வட கரை மலை மிதிவண்டிச் சங்கம், நிலத்துக்கு உரியவர்களின் இசைவைப் பெற்று, தன்னார்வலர்களைக் கொண்டு இத்தடங்களைப் பேணுகிறது. அவர்கள் செய்யும் வேலை நம் ஊர்க் கொத்தனார் வேலைக்குச் சற்றும் குறைந்ததன்று. தடத்தை விட்டுத் தள்ளி ஓரிடத்தில் குழி தோண்டி, இலைமக்குக்கு அடியிலுள்ள கெட்டியான கனிமண்ணை வாளி வாளியாகச் சுமந்து வருவார்கள். அந்த மண்ணுக்கு அவர்கள் இட்டிருக்கும் செல்லப் பெயரே ‘தங்கம்’. நீர் அரிக்கும் இடங்களில் பெரிய கற்களை ஒன்றோடொன்று பொருந்துமாறு பாவி, இடுக்குகளில் அந்தத் தங்கத்தை இட்டு இறுக்குவார்கள். ஆகவே தடத்தின் நடுவே தலைதூக்கி நிற்கும் ஒரு கல், தானாக உருண்டு வந்த கல்லாக இருக்க வேண்டியதில்லை. அதை அங்கே நாட்டுவதற்கு இருவரின் அரைநாள் உழைப்பு போயிருக்கலாம்.

அக்கல்லை ஒருவர் கடப்பாரையால் நெம்பி எடுத்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கல் இருந்த இடத்தில் பள்ளம் விழுகிறது. முதல் மழையில் அதில் நீர் தேங்குகிறது. சேற்றில் இறங்க மனமில்லாதவர்கள் பக்கவாட்டில் வண்டியை விடுகிறார்கள். இரண்டடி அகலத் தடம் சில மாதங்களில் ஆறடியாக விரிந்து, ஓரத்துச் செடிகளை விழுங்குகிறது. கல் அதுவரை வண்டிகளின் வேகத்தைக் கட்டுப்படுத்தி வந்தது. அது போனதும் எல்லாரும் விரைந்து வந்து, அடுத்த வளைவுக்குச் சற்று முன்னால் பிரேக்கை அழுத்துகிறார்கள். அந்த இடத்தில் மண் வரிவரியாகச் சுருண்டு, உடல் குலுங்கும் மேடுகள் தோன்றுகின்றன. பிறகு அந்த மேடுகளையும் ஒருவர் செதுக்கிச் ‘சரிசெய்ய’ வருவார். வேரை அறுத்தாலோ கேடு இன்னும் ஆழமானது. அறுபட்ட புண் வழியே மரத்துக்குள் பூஞ்சை புகும். வேர் பற்றியிருந்த மண்ணும் நெகிழும்.

வளைவுகளை நேராக்குவது இதே பிழையின் பெரிய வடிவம். தடம் அமைப்போர் கைக்கொள்ளும் விதி ஒன்று உண்டு: தடத்தின் சாய்வு, அது குறுக்காகக் கடக்கும் மலைச்சரிவின் பாதியை மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் மழைநீர் தடத்தைக் குறுக்கே கடந்து போகாமல் தடத்தின் வழியாகவே ஓடத் தொடங்கிவிடும். இரு வளைவுகளுக்கு இடையே யாரோ வெட்டிய குறுக்குவழி, அடுத்த மழைக்காலத்தில் ஓடையாகிவிடுகிறது.

இதில் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. பன்னாட்டு மலை மிதிவண்டிச் சங்கத்தின் தரப்பிரிவில் பச்சை வட்டம் எளிய தடத்தையும், நீலச் சதுரம் நடுத்தரத்தையும், கருப்பு வைரம் கடினத்தையும் குறிக்கும். தவிர்க்க இயலாத தடைகளின் உயரம் பச்சையில் 2 அங்குலத்துக்குள், நீலத்தில் 8 அங்குலத்துக்குள், கருப்பில் 15 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் அளவுகோல். கருப்புத் தடத்தின் முதல் மூன்று தடைகளை ஒருவர் அகற்றிவிட்டால், பலகை ஒன்று சொல்லும், தரை வேறொன்று சொல்லும். தொடக்கத்தில் எளிதாக இருக்கிறதே என்று நம்பி இறங்கும் புதியவர், நான்காவது தடையைத் தமக்குப் பழக்கமில்லாத வேகத்தில் சந்திப்பார். அவர் நலம் கருதித்தான் கற்களை எடுத்தேன் என்று எடுத்தவர் அப்போது சொல்ல முடியுமா?

எடுப்பவர்கள் எல்லாரும் தீயவர்கள் என்பதன்று நம் வாதம். சிலர் விழுந்து அடிபட்டவர்கள். சிலர் பிள்ளைகளை அழைத்து வருபவர்கள். வேறு சிலர், செல்பேசிச் செயலி காட்டும் நேரத்தில் இரண்டு நொடி குறைவதற்காக மலையையே இழைத்துவிடத் துணிபவர்கள். இவர்களிடம் நமக்குப் பரிவு குறைவு. முன்னும் பின்னும் ஒரு சாண் அமுங்கி எழும் அதிர்வுத் தாங்கிகளுக்கென்றே பெரும்பணம் கொடுத்து (தவணையில்தான் வாங்கினார்களோ என்னவோ!) வண்டி வாங்கிவிட்டு, அது அமுங்குவதற்கு வேலையே இல்லாதபடி கல்லைப் பெயர்ப்பதன் நியாயம் நமக்கு விளங்கவில்லை.

இதற்கு நேர்மாறான செயலும் உண்டு. வடக்கு வான்கூவரில், தடங்களின் குறுக்கே யாரோ மரக்கட்டைகளையும் கற்களையும் தொடர்ந்து இழுத்துப் போட்டுவந்தார்கள். மிதிவண்டிக்காரர்கள் மறைவாகக் கேமரா வைத்துப் பார்த்தபோது, அவ்வழியே நடைப்பயிற்சிக்கு வருபவர் ஒருவரின் வேலை என்று தெரிந்தது. 2015இல் அவர் கைதாகி, வழக்கும் நடந்தது. வளைவுக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் கட்டை எலும்பை முறித்துவிடும் என்பதால், கல்லை எடுப்பதைவிட இது கொடியது என்பதில் ஐயமில்லை. எனினும் இரு செயல்களும் ஒரே எண்ணத்திலிருந்துதான் பிறக்கின்றன. பலர் சேர்ந்து வைத்திருக்கும் கணக்கில், மற்றவர் கையொப்பம் இல்லாமலேயே ஒருவர் பணம் எடுப்பதைப் போன்ற எண்ணம் அது.

அப்படியானால் எந்தத் தடையையும் தொடவே கூடாதா? புயலுக்குப் பின் குறுக்கே விழுந்த மரத்தையும், மேலிருந்து சரிந்து ஆட்டம் காணும் பாறையையும் அகற்றத்தான் வேண்டும். அங்கும் முதல் வேலை, இடத்தைக் குறித்துக்கொண்டு, படம் எடுத்து, தடத்தைப் பேணுபவருக்கு அறிவிப்பதே. விழுந்த மரத்தின் உள்ளே வில்லைப் போல் விசை தேங்கியிருக்கும். பயிற்சி இல்லாதவர் அதை அறுத்தால், அது துள்ளித் தாக்கக்கூடும். மேலும், அந்த மரத்தை அகற்றாமல், இருபுறமும் சரிவு அமைத்து, ஏறிக் கடக்கும் புதிய தடையாகவே தடக்காரர்கள் அதை மாற்றிக்கொள்வதும் வழக்கம். அந்த முடிவை அவர்களிடமே விட்டுவிடுவது நல்லது.

நம் நாட்டில் இவ்விளையாட்டுக்கென்றே அமைந்த தடங்கள் குறைவு. 2005 முதல் இமாசலப் பிரதேசத்தின் மலைகளில் நடந்துவரும் எம்டிபி ஹிமாலயா பந்தயத்துக்குப் பிறகு, இதில் ஈடுபடுவோர் பெருகிவருகின்றனர். ஆனால் இங்கே நாம் வண்டி ஓட்டும் பாதைகளில் பல, ஊர்மக்களுக்கும் ஆட்டிடையர்களுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் சொந்தமானவை. அதனால் நம் பொறுப்பு வான்கூவர்காரரின் பொறுப்பைவிடக் கூடுதலானது. மலைப்பாதையின் குறுக்கே வரிசையாகப் பதித்த கற்கள், மிதிவண்டிக்காரர் கண்ணுக்கு வெறும் தொல்லையாகத் தோன்றும். பாதையில் இறங்கி ஓடும் மழைநீரைப் பள்ளத்தின் பக்கம் திருப்பிவிட வைத்த தடுப்பு அது. ஒரே ஒரு கல்லை உருவினாலும் நீர் அந்த வழியே பாய்ந்து, பாதையைப் பிளந்து, கீழேயுள்ள படிக்கட்டு வயலின் வரப்பைக் கரைக்கும். வண்டிக்காரர் அன்று மாலையே நகரத்துக்குத் திரும்பிவிடுவார். வயலுக்கு உரியவர் அங்கேயே இருப்பார்.

காப்புக்காடாக இருப்பின், சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டப்படி, அங்கே அனுமதியின்றி மரம் வெட்டுவதும் கல் எடுப்பதும் குற்றம். ‘பாதையைச் செம்மைப்படுத்தினேன்’ என்பது வனத்துறையிடம் எடுபடாது. காட்டுக்குள் மிதிவண்டியை நுழைய விடுவதற்கே தயங்கும் அதிகாரிகளிடம், ஒருவரின் கடப்பாரை மற்ற அனைவருக்குமான வாயிலையும் மூடிவிடும்.

மழைக்காலம் முடியும் தறுவாயில் மலையேறத் திட்டமிடும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். தக்காணத்தின் கரிசல் மண்ணில், மழைக்கு மறுநாள் உங்கள் சக்கரம் விட்டுச்செல்லும் பள்ளம் காய்ந்தபின் கல்லாகிவிடும். டயரின் அச்சு மண்ணில் ஆழப் பதிகிறது என்றால், அன்றைக்கு வண்டியைத் திருப்பிக்கொள்ளுங்கள். ஏறிக் கடக்க முடியாத கல்லைக் கண்டால், இறங்கி வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து கடக்கலாம். இதில் இழுக்கு ஒன்றுமில்லை. உலகக் கோப்பை வீரர்களும் பந்தயத்தின் நடுவே அதைச் செய்கிறார்கள்.