பிறந்ததே தகுதியா?

(இரண்டாம் ஆண்டு, மின்னியல் துறை)



ராஜா ராணி எல்லாம் பாட்டி சொன்ன கதையோடும் சீட்டுக்கட்டோடும் முடிந்துபோய்விட்டது என்றுதானே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்? அதுதான் இல்லை. பாராளுமன்ற ஜனநாயகத்தை உலகத்துக்கே நாங்கள்தான் சொல்லிக்கொடுத்தோம் என்று பெருமை பேசும் பிரிட்டனிலேயே இன்றைக்கும் ராஜா இருக்கிறார். 2022 செப்டம்பர் 8 அன்று எலிசபெத் ராணி காலமானார். 70 ஆண்டு ஆண்டவர். அந்த நொடியே அவருடைய மூத்த மகன் சார்லஸ் ராஜா ஆகிவிட்டார். தேர்தல் கிடையாது, இன்டர்வியூ கிடையாது, கட்-ஆஃப் மார்க் கிடையாது. இந்தப் பாலிடெக்னிக்கில் ஒரு சீட் வாங்க நாம் எத்தனை சர்டிபிகேட்டுக்கு ஜெராக்ஸ் எடுத்தோம் என்பதை இந்த நேரத்தில் நினைத்துப் பார்க்கவும்!

எங்கேயோ இருக்கிற ராஜாவைப் பற்றி நமக்கென்னப்பா என்று ஹாஸ்டலில் ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்று சொல்கிறேன். 1947 ஆகஸ்ட் 15 அன்று நமக்குச் சுதந்திரம் வந்ததே, அதற்குப் பிறகும் 1950 ஜனவரி 26 வரைக்கும் சட்டப்படி இந்தியாவுக்கு ராஜா யார் தெரியுமா? இந்த சார்லஸின் தாத்தா ஆறாம் ஜார்ஜ்தான். குடியரசு ஆன அன்றைக்குத்தான் நம் தாத்தாக்கள் கடைசியாக ஒரு ராஜாவின் குடிமக்களாக இருந்து எழுந்தார்கள். அந்த நாள் பிரிட்டிஷ் மக்களுக்கு இன்னும் வரவில்லை. வரவேண்டும் என்பது என் கட்சி.

ராஜா வேண்டும் என்பவர்கள் முதலில் சொல்வது, "அவருக்குத்தான் ஒரு அதிகாரமும் இல்லையே, சும்மா அலங்காரத்துக்கு இருக்கிறார், இருந்துட்டுப் போகட்டுமே" என்பது. வயரிங் படிக்கிற நமக்கு ஒரு விஷயம் தெரியும். இந்தக் கம்பியில் கரண்ட் இல்லை என்று யாரோ சொன்னதை நம்பித் தொடுகிறவன்தான் ஷாக் வாங்குவான். டெஸ்டர் வைத்துப் பார்க்கணும். வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது?

ராஜாவின் சொத்து, வருமானம், உரிமை இவற்றைத் தொடும் எந்த மசோதாவாக இருந்தாலும், பார்லிமெண்ட் அதை நிறைவேற்றுவதற்கு முன் அவருடைய சம்மதத்தைக் கேட்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் போடும் கையெழுத்து வேறு, இது அதற்கு முந்திய சம்மதம். எலிசபெத் ராணி காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மசோதாக்கள் இப்படி அரண்மனைக்குப் போய்த் திரும்பியதை 2021 இல் கார்டியன் பத்திரிகை வெளியே கொண்டுவந்தது. கம்பெனிகளில் யார் பெயரில் எவ்வளவு பங்கு என்று வெளிப்படுத்தச் சொல்லும் ஒரு மசோதா 1973 இல் தயாரானபோது, ராணியின் சொந்த முதலீடு வெளியே தெரியாமல் இருக்க அவருடைய வக்கீல் அரசை நெருக்கியதும் அந்தக் கட்டுரைகளில் வந்தது. அதிகாரமே இல்லாதவருக்கு இது எப்படி முடிந்தது?

சார்லஸ் இளவரசராக இருந்தபோது மந்திரிகளுக்குக் கடிதம் எழுதித்தள்ளுவார். அதைக் காட்டு என்று அதே பத்திரிகை பத்து வருஷம் கோர்ட் கோர்ட்டாக ஏறி, 2015 இல்தான் சில கடிதங்களைப் படிக்க முடிந்தது. அதற்குள் அரசாங்கம் முந்திக்கொண்டு, ராஜாவும் அடுத்த இரண்டு வாரிசுகளும் அரசோடு நடத்தும் கடிதப் போக்குவரத்தைத் தகவல் அறியும் சட்டத்துக்கு வெளியே வைத்துவிட்டது. நம் நாட்டில் 10 ரூபாய் கட்டணம் கட்டி ஒரு வெள்ளைத் தாளில் எழுதிப்போட்டுக் கேட்கும் உரிமை இது!

இரண்டாவது வாதம் கொஞ்சம் கனமானது. அரசியல்வாதி தப்புப் பண்ணினால் தடுக்க, கட்சி சாராத ஒருத்தர் மேலே வேண்டும் என்பார்கள். ஃபியூஸ் மாதிரி. சரி, அந்த ஃபியூஸ் வேலை செய்ததா? 2019 இல் பிரதமர் போரிஸ் ஜான்சன் பார்லிமெண்ட்டை ஐந்து வாரம் முடக்கிவைக்க ராணிக்கு ஆலோசனை சொன்னார். ஐரோப்பிய யூனியனை விட்டு விலகுவது பற்றி சபை பேசியே ஆகவேண்டிய நேரம் அது. ராணி சரி என்றார். வேறு என்ன செய்ய முடியும்? மரபுப்படி மறுக்க முடியாது. கடைசியில் செப்டம்பர் 24 அன்று சுப்ரீம் கோர்ட்டின் 11 நீதிபதிகளும் ஒருமனதாக, அந்த முடக்கம் சட்டவிரோதம், செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். உருகவேண்டிய ஃபியூஸ் உருகவில்லை. காப்பாற்றியது படித்துத் தகுதியால் வந்த நீதிபதிகள்.

இங்கே ஸ்பெயினை மறைத்துவிட்டுப் பேசினால் அது நேர்மை ஆகாது. 1981 பிப்ரவரி 23 அன்று அங்கே ராணுவத்தில் ஒரு பிரிவு பார்லிமெண்ட்டுக்குள் துப்பாக்கியோடு புகுந்தபோது, ராஜா ஹுவான் கார்லோஸ் டெலிவிஷனில் தோன்றி ஜனநாயகத்தின் பக்கம் நின்றார். பெரிய விஷயம்தான். அவரே பிறகு பணவிவகாரங்களில் பெயர் கெட்டு, 2014 இல் முடி துறந்து, 2020 இல் நாட்டை விட்டே போனார். நல்ல நேரத்தில் நல்லவராக இருப்பார், அடுத்த நேரத்தில் எப்படி இருப்பார் என்று யாருக்குத் தெரியும்? பதவியிலிருந்து இறக்க ஜனங்கள் கையில் ஓட்டு இல்லையே!

செலவுக் கணக்கு பேசுவோருக்கும் கொஞ்சம் தீனி உண்டு. 2023 மே 6 அன்று நடந்த முடிசூட்டு விழாவுக்கு அரசுக் கஜானாவிலிருந்து போனது 7 கோடியே 20 லட்சம் பவுண்டு. 2025-26 க்கு அரண்மனைக்கு அரசு மானியம் 13 கோடியே 20 லட்சம் பவுண்டு. அங்கே சாதாரண ஆள் செத்தால் பொதுவாக 3 லட்சத்து 25 ஆயிரம் பவுண்டுக்கு மேற்பட்ட சொத்துக்கு 40 சதவீதம் வாரிசு வரி. ராஜா சொத்து அடுத்த ராஜாவுக்குப் போனால் 1993 ஒப்பந்தப்படி அந்த வரி கிடையாது. டூரிஸ்ட் வருவார்களே என்பார்கள். பிரான்சில் 1870 க்குப் பிறகு ராஜா இல்லை. வெர்சாய் அரண்மனைக்குக் கூட்டம் குறைந்தா போச்சு? ஆனாலும் பணம் எனக்குப் பெரிய விஷயமில்லை. நாளைக்கே அரண்மனை இலவசமாக நடந்தாலும் என் எதிர்ப்பு மாறாது.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இஸ்திரிப் பெட்டிதான். தாத்தா துணி வெளுத்தார், அப்பாவும் வெளுத்தார். நான் பத்தாவது பாஸானதும் ஊர்ப் பெரியவர் ஒருத்தர், "ஏம்ப்பா, இவனுக்கு எதுக்குப் படிப்பு? பொட்டியைத் தூக்கச் சொல்லு, குலத்தொழில் கைவிட்டுப் போயிடப்போகுது" என்றார். அப்பா வாய் திறக்கவில்லை. மறுநாள் காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு அப்ளிகேஷன் வாங்க பஸ் ஏறினார். 1953 இல் ராஜாஜி கொண்டுவந்த, பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்ற திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தார்களே, காமராஜர் வந்ததும் 1954 இல் அது ஒழிந்ததே, அந்த வரலாறெல்லாம் அப்பாவுக்குத் தெரியாது. ஆனால் விஷயம் தெரியும்.

மேலே ஒருத்தன் ராஜா மகன் என்பதால் ராஜா ஆவதும், கீழே ஒருத்தன் வெளுப்பவன் மகன் என்பதால் வெளுப்பவன் ஆவதும் ஒரே சட்டம்தான். மேலே அதைக் கைதட்டி ரசித்துவிட்டுக் கீழே மட்டும் கூடாது என்று எப்படிச் சொல்வது? பிரிட்டிஷ்காரர்களுக்கே இது புரியாமல் இல்லை. பிறப்பால் மேல்சபையில் உட்கார்ந்திருந்த பிரபுக்களில் பெரும்பாலோரை 1999 இல் வெளியே அனுப்பினார்கள். 92 இடங்களை மட்டும் விட்டுவைத்தார்கள். அதையும் ஒழிக்க 2024 இல் மசோதா வந்தது. அப்பா பெயரால் சட்டம் செய்யக் கூடாது, ஆனால் அப்பா பெயரால் நாட்டுக்கே தலைவராக இருக்கலாமாம்!

நம் பக்கம் பாருங்கள். ராமேஸ்வரத்தில் சிறுவயதில் பேப்பர் போட்ட கலாம், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்து, 2002 இல் ஜனாதிபதி ஆனார். 2022 இல் வந்த திரௌபதி முர்மு ஒடிசாவின் சந்தாலிப் பழங்குடிப் பெண், ஒரு காலத்தில் நீர்ப்பாசனத் துறையில் கிளார்க். இதனால் நம் ஜனாதிபதி பதவி புனிதம் என்று நான் கதை விடவில்லை. 1975 ஜூன் 25 இரவு எமர்ஜென்சிக்குக் கையெழுத்துப் போட்டவரும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜனாதிபதிதான். எவரும் ரப்பர் ஸ்டாம்ப் ஆகலாம். ஆனால் அந்த ஸ்டாம்ப்புக்கு ஐந்து வருஷம் என்று ஒரு காலக்கெடு இருக்கிறது, அது யார் வீட்டுப் பெட்டியிலும் பரம்பரையாகப் பூட்டி வைக்கப்படுவதில்லை.

நார்வே, ஸ்வீடன், டென்மார்க், ஜப்பான் எல்லாம் ராஜா வைத்துக்கொண்டு நன்றாகத்தானே இருக்கின்றன என்று எங்கள் லெக்சரர் ஒருவர் மடக்கினார். யோசித்துப் பார்த்தேன். நார்வேயில் 1905 இல் ராஜாவாக வரச் சொன்னபோது, ஜனங்களிடம் ஓட்டெடுப்பு நடத்தினால்தான் வருவேன் என்றார் அந்த இளவரசர். நடத்தினார்கள், ஜெயித்தார், வந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் அந்த ஓட்டு அவருக்குப் போட்டது, பேரனுக்கும் கொள்ளுப்பேரனுக்கும் போட்டதல்ல. ஸ்வீடனில் 1974 அரசியல் சட்டம் பிரதமரை நியமிக்கும் வேலையைக்கூட ராஜாவிடமிருந்து பிடுங்கி சபாநாயகரிடம் கொடுத்துவிட்டது. ராஜாவைச் சுருக்கச் சுருக்கத்தான் இந்த நாடுகளில் ஜனநாயகம் வளர்ந்திருக்கிறது. ஜப்பானிலோ இன்றும் பெண் அரியணை ஏற முடியாது.

எடுத்துவிட்டால் நாடு கலவரமாகும் என்ற பயமும் தேவையில்லை. பார்படாஸ் 2021 நவம்பர் 30 அன்று எலிசபெத் ராணியைத் தலைமையிலிருந்து நீக்கிக் குடியரசு ஆனது. சார்லஸே நேரில் வந்து விழாவில் உட்கார்ந்திருந்தார்! நம் நாட்டிலும் மன்னர் மானிய ஒழிப்பு 1970 இல் மாநிலங்களவையில் தோற்றது, 1971 இல் 26 ஆவது திருத்தமாக வந்து ஜெயித்தது. புதுக்கோட்டை ராஜாவின் அரண்மனையில் இன்று கலெக்டர் ஆபீஸ் நடக்கிறது. திங்கள்கிழமை மனு நாளில் யார் வேண்டுமானாலும் அங்கே போய் வரிசையில் நிற்கலாம்.

பிரிட்டனில் இன்னும் பெரும்பாலோர் ராஜா இருக்கட்டும் என்றுதான் சொல்கிறார்கள், நம் வயதுக்காரர்களிடம் அந்த ஆதரவு குறைவு. முடிவெடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். அப்படி எடுக்கும்போது ஒரு பையனையும் நினைக்க வேண்டும். சார்லஸுக்கு அப்புறம் வில்லியம், வில்லியமுக்கு அப்புறம் அவர் மகன் ஜார்ஜ். 2013 ஜூலையில் பிறந்தவன், நம் வீட்டுத் தம்பி வயசு. டிப்ளமோ முடித்து நான் லைன்மேன் ஆவேனா, பி.இ. சேர்வேனா, மோட்டார் வைண்டிங் கடை போடுவேனா என்று எனக்கே இன்னும் தெரியாது. அவனுக்கு எல்லாம் முடிவாகிவிட்டது. ராஜா ஆனபின் தேர்தலில் ஓட்டுப் போட மாட்டான், மரபு அப்படி. எந்தக் கட்சி பிடிக்கும் என்று வாய் திறந்து சொல்ல முடியாது. கத்தோலிக்கனாக மாறினால் மகுடம் போய்விடும், 1701 இல் போட்ட சட்டம். இதெல்லாம் அவன் தொட்டிலில் கிடந்தபோதே எழுதி வைத்தாயிற்று. அவனிடம் யாரும் இன்னும் கேட்கவில்லை.