வடாம் காயும் மாடியில் ஒரு வெள்ளைக் கொக்கு

சகோதரிகளே, இந்தத் தடவை சமையலும் இல்லை, சளிக்குக் கஷாயமும் இல்லை. எங்கள் வீட்டில் ஒரு மாதமாக நடந்த கராத்தே வழக்கைத்தான் எழுதப் போகிறேன். அதை விசாரிக்கப் போய் நான் சீன தேசம் வரைக்கும் போய்விட்டு வந்தேன். எல்லாம் புத்தகத்தின் வழியாகத்தான்!

என் சின்னவளுக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு வருடமாகக் கராத்தே வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். பங்குனி மாதம் பெரியவளானாள். சடங்கு முடிந்த கையோடு என் மாமியார், "போதும்மா, இனிமே அந்தக் கைகால் ஆட்டற கிளாஸெல்லாம் வேண்டாம். பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு?" என்றுவிட்டார். இவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் ஒரு பக்கம் 'சரிதானோ' என்றுதான் இருந்தது. நானும் எட்டாம் வகுப்பு வரை கோகோ ஆடியவள்தான். பெரியவளானதும் அது நின்றது. ஏன் நிறுத்தினார்கள் என்று நான் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. இன்றைக்கு இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

வகுப்பு நின்றாலும் சின்னவள் பயிற்சியை விடவில்லை. சமையலறை வாசலில் கால்விரல்களை உள்பக்கமாகத் திருப்பி, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு நின்றாள். "என்னடி, வயித்த வலிக்குதா?" என்று அத்தை பதறிப் போனார். "இல்ல பாட்டி, இது சான்சின். கொக்குகிட்டேருந்து வந்தது" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டாள்.

கொக்கா! எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் புத்தகம் தேடிப் படித்தபோதுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

சீனர்களின் குங்ஃபூவில் விலங்குகளைப் பார்த்து உண்டான முறைகள் ஏராளம். 2008-ல் வந்த 'குங்ஃபூ பாண்டா' படத்தில் புலி, குரங்கு, கொக்கு, பாம்பு, கும்பிடுபூச்சி என்று ஐந்து பேர் சண்டை போடுவார்களே, அந்த ஐந்தின் பெயரிலும் நிஜமாகவே சண்டை முறைகள் இருக்கின்றன. கும்பிடுபூச்சி முறையை வாங் லாங் என்பவர், அந்தப் பூச்சி ஒரு சில்வண்டை மடக்கிப் பிடித்ததைப் பார்த்து உண்டாக்கினாராம். புலி முறையில் ஒரு தேங்காயைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி விரல்களை மடக்க வேண்டும். கொக்கு முறையில், சோற்றுக் கவளம் எடுக்க நாம் விரல்களைக் குவிப்போமே, அதே மாதிரி ஐந்து விரல்நுனிகளையும் சேர்த்தால் அதுதான் அலகு.

இதில் கொக்கு முறையை உண்டாக்கியதாகச் சொல்லப்படுகிறவர் ஒரு பெண்! ஃபாங் ச்சி நியாங் என்று பெயர். 'ச்சி நியாங்' என்றால் ஏழாவது பெண் என்று அர்த்தமாம். சீனாவின் தென்கிழக்குக் கடலோரத்தில் ஃபூஜியன் என்று ஒரு மாகாணம். அதிலுள்ள யோங்சுன் என்ற ஊரில்தான் இந்த முறை வளர்ந்தது. முந்நூறு வருஷத்துக்கு முந்தைய கதை என்பதால் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். அவள் தறியில் நெய்துகொண்டிருந்தாள் என்பார் சிலர். தானியம் காயப்போட்டுக் காவல் இருந்தாள் என்பார் சிலர். எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். ஏன் என்று சொல்கிறேன்.

சித்திரை வெயிலில் நானும் அத்தையும் மாடியில் வடாம் பிழிந்துவிட்டுக் காக்கைக்குக் காவல் உட்கார்ந்திருந்தோம். இதுதான் சமயம் என்று அந்தக் கதையை எடுத்துவிட்டேன்.

"அத்தை, ஒரு பொண்ணு நம்மள மாதிரியே தானியத்தைக் காயப்போட்டுட்டு மூங்கில் குச்சியோட உக்காந்திருந்தாளாம். அப்ப ஒரு வெள்ளைக் கொக்கு வந்து இறங்குச்சாம். அப்பாகிட்ட சண்டை கத்துக்கிட்ட பொண்ணு. சும்மா விடுவாளா? தலையைப் பார்த்து ஒரு அடி. கொக்கு கழுத்தை இந்தப் பக்கம் சாய்ச்சிருச்சு. சிறகைப் பார்த்து அடிச்சா, ஒரு எட்டு ஒதுங்கி இறக்கையாலேயே குச்சியைத் தட்டி விட்டுருச்சு. உடம்பைக் குத்தப் போனா, அலகால ஒரு கொத்து! எத்தனை அடிச்சும் ஒண்ணும் பலிக்கலை."

அத்தை கேட்ட முதல் கேள்வி, "அந்தக் கொக்குக்கு அடி பட்டுதா?" என்பதுதான்.

"படலை அத்தை. அதான் கதையே."

அந்தப் பெண் யோசித்தாளாம். கொக்குக்குக் கால் குச்சி மாதிரி, உடம்பில் கனமே இல்லை. எதிர்த்து நின்றால் முறிந்துவிடும். ஆனால் அது எதிர்க்கவே இல்லையே! வருகிற அடியின் வழியிலிருந்து விலகிக்கொண்டது, அடித்தவள் தடுமாறிய நேரம் பார்த்துக் கொத்தியது. அதை வைத்து அவள் தன் அப்பாவின் முறையையே மாற்றினாள். அந்த முறையில் எட்டு சின்னது, கைவீச்சு குறுகியது. பறவை மழையில் நனைந்து சிறகை உதறுமே, அந்த மாதிரி உடம்பை உதறி அடிக்கிற வேகம். பலசாலியோடு பலத்தில் போட்டி போடுவதே கிடையாது.

சான்சினுக்கு வருகிறேன். 'மூன்று போர்கள்' என்று பொருள்படும் அந்தப் பயிற்சி யோங்சுன் கொக்கு முறையிலும் உண்டு. ஒகினாவா தீவைச் சேர்ந்த ஹிகாவோன்னா கான்ரியோ (1853–1915) ஃபூஜியனின் தலைநகரான ஃபூஜோவுக்குப் போய்ச் சண்டைக் கலை கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். அவருடைய சீடர் மியாகி சோஜுன் உருவாக்கியதுதான் கோஜு ரியூ கராத்தே. சின்னவள் படிக்கிறதும் அதைத்தான்.

இன்னொரு அம்மாளைப் பற்றியும் அத்தையிடம் சொன்னேன். வாங் ஃபெய் ஹுங் என்று சினிமாக்களில் வருகிற பெரிய குங்ஃபூ ஆசான், புலியும் கொக்கும் சேர்ந்த முறைக்குப் பேர் போனவர். ஒரு நாள் மேடையில் அவர் காலை வீசியபோது செருப்பு கழன்று பறந்து, வேடிக்கை பார்த்த ஒரு இளம்பெண் முகத்தில் பட்டதாம். அவள் மேடையேறி அவரை ஓர் அறை விட்டாள் என்று கதை. அந்த மோக் க்வாய் லான் பிறகு அவருக்கே மனைவியானாள். அவர் காலமான பிறகு ஹாங்காங் போய்ப் பல வருடங்கள் குங்ஃபூ கற்றுக்கொடுத்தார், எலும்பு முறிவு வைத்தியமும் பார்த்தார். இதைக் கேட்டு அத்தை ரொம்ப நேரம் சிரித்தார். "அறைஞ்சிட்டு அப்புறம் கல்யாணமா!"

"இதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்கிற நம்மைப் போன்றவர்களுக்கும் ஒன்று இருக்கிறது. கி.பி. 208-ல் இறந்த ஹுவா தோ என்ற சீன வைத்தியர், புலி, மான், கரடி, குரங்கு, பறவை ஆகிய ஐந்தின் அசைவுகளை வைத்து உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார். சண்டைக்கு அல்ல, ஆரோக்கியத்துக்கு. உடம்பு அசைந்துகொண்டே இருந்தால்தான் சாப்பிட்டது செரிக்கும், ரத்தம் ஓடும். ஆனால் அளவு மீறக் கூடாது என்பது அவர் கட்சி. அதற்கும் முந்தின காலத்துப் பட்டு ஓவியம் ஒன்று 1973-ல் சாங்ஷா பக்கத்தில் மாவாங்துயி கல்லறையைத் தோண்டியபோது கிடைத்தது. அதில் 44 பேர் பயிற்சி செய்கிறார்கள். ஆண்கள் மட்டுமல்ல, பெண்களும்!

பறவைப் பயிற்சியை நானும் அத்தையும் தினம் செய்கிறோம். மூச்சை இழுத்துக்கொண்டே இரண்டு கைகளையும் சிறகு மாதிரி பக்கவாட்டில் உயர்த்தி, ஒரு முழங்காலையும் தூக்க வேண்டும். மூச்சை விட்டபடி கையையும் காலையும் இறக்கி, மறுகாலுக்கு மாற்ற வேண்டும். அத்தை சுவரை ஒரு கையால் தொட்டுக்கொள்வார். முழங்கால் வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தலை சுற்றினால் உடனே உட்கார்ந்துவிடுங்கள்.

தீர்ப்பு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? "இருட்டறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடணும். நீ கூடப் போய்க் கூட்டிட்டு வா" என்றார் அத்தை. அவ்வளவுதான். மறுநாளே பணம் கட்டிவிட்டேன்.

நேற்று மாடியில் இரண்டாவது ஈடு வடாம். ஒரு காக்கை வந்து இறங்கியது. நான் குச்சியை ஓங்கினேன். "இரு இரு, அது எப்படி ஒதுங்குதுன்னு பார்ப்போம்" என்று அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் நாலு வடாம் போய்விட்டது.